ஏழு கன்னியர் மலையும் பொய் சொல்லும் ஜி.பி.எஸ்ஸும்

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "என் மச்சான் கட்டாரில் வேலை செய்கிறார். அந்தப் பக்கம் பறக்கும் விமானங்களில் ஜி.பி.எஸ். குழம்பி, நடுவானில் 'மலை இருக்கிறது, மேலே ஏறு' என்று பொய் எச்சரிக்கை அடிக்கிறது என்று அவருடைய அறையில் இருப்பவர்கள் பேசிக்கொள்கிறார்களாம். இது உண்மையா? எங்கள் ஏழு கன்னியர் மலையில் அன்றைக்கு விழுந்த மாதிரி இன்னொரு விமானம் விழ வாய்ப்பு இருக்கிறதா? மச்சான் அடுத்த மாதம் லீவில் வருகிறார், வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள்."

தம்பி, அறையில் பேசிக்கொண்டது உண்மைதான். நான் வளைகுடாவில் விமானப் பராமரிப்புக் கொட்டகையில் இலத்திரனியல் பிரிவில் பல வருடம் வேலை செய்தவன். வேலையை விட்டு ஊருக்கு வருவதற்கு முந்தைய மாதங்களில் இந்தத் தொல்லையோடு வந்த விமானக் கருவிப் பெட்டிகளை என் கையாலேயே கழற்றி மாட்டியிருக்கிறேன். பிறந்தது அந்த மலைக்குக் கீழே, நோர்ட்டன்பிரிட்ஜ் பக்கம் ஒரு தோட்டத்தில். அதனால் உங்கள் இரண்டாவது கேள்வி எனக்கு வெறும் தொழில் கேள்வியாகப் படவில்லை. முதலில் அதையே எடுத்துக்கொள்கிறேன். 1974இல் நடந்தது சரியாகப் புரிந்தால், இன்றைக்கு நடப்பதில் பாதி தானாகப் புரிந்துவிடும்.

1974 டிசம்பர் 4, இரவு பத்து மணி தாண்டிய நேரம். இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு ஜித்தாவுக்குக் கிளம்பிய மார்ட்டின்எயார் டிசி-8 விமானம், வழியில் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்க வேண்டும். கிழக்கேயிருந்து இலங்கைக்குள் நுழைந்தது. விமான நிலையத்துக்கு இன்னும் ஏறத்தாழ 74 கிலோமீட்டர் இருக்கும்போதே 4,355 அடி உயரத்தில் ஏழு கன்னியர் மலைத்தொடரில் மோதியது. 182 யாத்திரிகர்கள், 9 விமான ஊழியர்கள், ஆக 191 பேரும் இறந்துபோனார்கள். அந்த இரவைப் பற்றி அம்மா சொல்லிச் சொல்லியே நாங்கள் வளர்ந்தோம்.

விசாரணையில் சொன்ன காரணத்தை நன்றாகக் கவனியுங்கள். விமான நிலையத்திலிருந்து தாங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாக எடுத்துக்கொண்டார்கள். அதனால் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும் நம்பி இருந்ததுதான் அந்தக் குழப்பத்துக்கு இடம் வைத்தது என்பது விசாரணையாளர்களின் கருத்து. டொப்ளர் கருவி விமானத்தின் வயிற்றிலிருந்து கீழே அலையை அனுப்பும். திரும்பி வரும் அலையில் உள்ள மாற்றத்தை வைத்து, விமானம் எந்த வேகத்தில் போகிறது, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று கணக்குப் போடும். இவ்வளவு நேரம், இவ்வளவு வேகம், ஆகவே இன்ன இடத்தில் இருக்கிறோம் என்று கூட்டிக்கொண்டே போவதால், சின்னப் பிழையும் நீண்ட கடல் பயணத்தில் வளர்ந்துவிடும். கடல் அலை வேறு கணக்கைக் கலைக்கும்.

ஆக, அந்த விமானம் விமானிகளின் கட்டுப்பாட்டில் இருந்தபடியே மலைக்குள் போனது. தாங்கள் இருக்கும் இடம் எது என்பதில்தான் பிழை. இந்த வகை விபத்துக்கு விமானத் துறையில் சிஃபிட் என்று பெயர். அந்தக் காலத்தில் உயிர்களை அதிகம் கொண்டுபோன விபத்து வகைகளில் இது முன்வரிசையில் இருந்தது. இதற்கு மூன்று நாள் முன்புதான், டிசம்பர் 1ஆம் திகதி, அமெரிக்காவில் வொஷிங்டனுக்குப் பக்கத்தில், வேர்ஜினியாவில், டி.டபிள்யூ.ஏ. 514 விமானம் இதே மாதிரி ஒரு மலையில் மோதி 92 பேர் இறந்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் பெரிய பயணிகள் விமானங்களில் தரை எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்று அமெரிக்கா சட்டம் போட்டது. ஒரே வாரத்துக்குள் ஒன்று வேர்ஜினியாவில், ஒன்று எங்கள் தோட்டத்துக்கு மேலே. இதை முதன்முதலில் கொட்டகையில் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் படித்த அன்றைக்கு என்னால் அதற்கு மேல் வேலை செய்ய முடியவில்லை.

அந்தத் தரை எச்சரிக்கைக் கருவியை உருவாக்கியவர் கனடாவில் பிறந்த டொன் பேட்மன் என்ற பொறியியலாளர். 1971இல் அலாஸ்காவில் ஒரு விமானம் மலையில் மோதி 111 பேர் இறந்த இடத்துக்கு மேலே அவர் பறந்து பார்த்தார். வாழ்நாள் முழுக்க இந்த ஒரே பிரச்சினையோடு இருந்தார். 2023இல்தான் காலமானார். உலகத்தில் இவரால் உயிர் பிழைத்தவர்கள் எத்தனை பேர் என்று யாராலும் எண்ண முடியாது. பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் வர வேண்டிய பெயர்.

அவருடைய முதல் கருவி எளிமையானது. ரேடியோ ஆல்டிமீட்டர் என்று ஒன்று விமானத்தின் அடிவயிற்றில் இருக்கும். நேரே கீழே ரேடியோ அலையை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து உயரத்தைச் சொல்லும். ஏறத்தாழ 2,500 அடி வரைதான் அதற்குப் பார்வை. தரை வேகமாக நெருங்கினால், சக்கரம் போடாமல் தாழ்ந்தால், கருவி குரல் கொடுக்கும். இதற்குச் செயற்கைக்கோள் தேவையில்லை, வரைபடமும் தேவையில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்ப வருவேன்.

ஆனால் கீழே மட்டும் பார்க்கும் கண்ணுக்கு எதிரே இருப்பது தெரியாதே. ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவுக்குப் போயிருப்பீர்கள். விளிம்பில் நின்றால் 870 மீட்டருக்குக் கிட்டச் சரேலென்று கீழே இறங்கும் பாறைச்சுவர். அடியில் தெரியும் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே ஆயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் ஒரு விமானம் அந்தச் சுவரை நோக்கி வருகிறது என்று வையுங்கள். ரேடியோ ஆல்டிமீட்டர் கடைசி நொடிவரை "கீழே ஆயிரத்து ஐந்நூறு அடி இருக்கிறது" என்றே காட்டும். சுவர் தெரியவே தெரியாது. 1995 டிசம்பர் 20 அன்று கொலம்பியாவின் காலி நகருக்குப் பக்கத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965 விமானத்தில் பழைய கருவி இருந்தது, கத்தவும் செய்தது. மோதுவதற்குப் பத்துப் பன்னிரண்டு நொடி இருக்கும்போதுதான் கத்தியது. 159 பேர் இறந்தார்கள்.

அந்தக் குறைக்குத்தான் 1996இல் புதிய தலைமுறைக் கருவி வந்தது. ஈ.ஜி.பி.டபிள்யூ.எஸ். என்று நாங்கள் சொல்வோம், பொதுப் பெயர் டோஸ். இதற்குள்ளே உலகம் முழுவதற்குமான மலை, பள்ளத்தாக்கு, ஓடுபாதை எல்லாம் தரவாகப் பதிந்திருக்கும். சோவியத் யூனியன் உடைந்த பிறகு அவர்களுடைய இராணுவம் எடுத்து வைத்திருந்த நில உயரத் தரவைக்கூட பேட்மன் வாங்கிச் சேர்த்தார். கருவி தன் இடத்தை ஜி.பி.எஸ்ஸிலிருந்து எடுத்துக்கொள்ளும். தரவில் அந்த இடத்தைத் தேடி, எதிரே என்ன இருக்கிறது என்று பார்க்கும். மோத ஏறத்தாழ அறுபது நொடி இருக்கும்போது எச்சரிக்கும், முப்பது நொடியில் "புல் அப்", அதாவது "மேலே ஏறு" என்று கத்தும். 250 நொட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 460 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானத்துக்கு அறுபது நொடி என்றால் ஏழரை கிலோமீட்டருக்கும் மேலே. பத்து நொடியோடு ஒப்பிட்டால் அது ஒரு யுகம். விமானியின் திரையிலும் பக்கத்து மலைகள் மஞ்சளும் சிவப்புமாகத் தெரியும். இந்தப் பெட்டி வந்த பிறகு, அது பூட்டிய பெரிய விமானங்கள் மலையில் மோதுவது மிகவும் அரிதாகிவிட்டது.

சரி, இப்போது ஜி.பி.எஸ்ஸுக்கு வருவோம். மேலே சொன்னது முழுக்க ஒரே ஒரு விஷயத்தின் மேல் நிற்கிறது: "நான் இங்கே இருக்கிறேன்" என்று ஜி.பி.எஸ். சொல்வது சரியாக இருக்க வேண்டும்.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் அலை தரையைத் தொடும்போது ஒரு வாட் மின்சக்தியின் கோடி கோடியில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இருக்காது. தேர்த் திருவிழா அன்று கோயில் குழாய் ஸ்பீக்கர் அலறும்போது, அடுத்த மலையில் நிற்பவர் காதோடு காதாகப் பேசுவது எங்களுக்குக் கேட்குமா? அவ்வளவுதான் அதன் பலம். அதே அலைவரிசையில் தரையிலிருந்து யாராவது இரைச்சலைக் கிளப்பினால் ஜி.பி.எஸ். அமுங்கிப்போகும். இது ஜாமிங். இதில் கருவிக்குத் தன் கண் போய்விட்டது தெரியும், "இடம் தெரியவில்லை" என்று ஒப்புக்கொள்ளும். விமானியும் வேறு வழியைப் பார்ப்பார்.

ஸ்பூஃபிங் வேறு, அதுதான் மோசமானது. இரைச்சலுக்குப் பதிலாக, செயற்கைக்கோள் அனுப்புவது போலவே போலி அலையை அனுப்புவது. பொதுமக்கள் பாவனைக்கான ஜி.பி.எஸ். அலையின் அமைப்பு எல்லோருக்கும் தெரிந்தது, பூட்டு இல்லாதது. அதனால் போலி செய்வது முடிகிற காரியம். விமானத்தின் கருவி அதை நம்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு விமான நிலையத்தில் தான் நிற்பதாக நினைத்துக்கொள்ளும். கிழக்கு மத்தியதரைக் கடலில் பறந்த விமானங்கள் பெய்ரூட்டில் நிற்பதாகக் காட்டியது இப்படித்தான். இது விமானங்களைக் குறிவைத்துச் செய்வதுகூட இல்லை. ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் திசை திருப்பப் போரில் இருப்பவர்கள் செய்கிறார்கள், அந்த வழியாகப் போகிற பயணிகள் விமானங்கள் இடையில் மாட்டிக்கொள்கின்றன. 2023 செப்டம்பரில் ஈராக், ஈரான் எல்லைப் பக்கம் இது பெரிதாகத் தொடங்கியது. விமானிகளும் விமான இயக்கத் துறையினரும் சேர்ந்த ஒப்ஸ்குரூப் என்ற சர்வதேச அமைப்பு கணக்கெடுத்தபோது, 2024 ஜனவரியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 விமானங்கள் பாதிக்கப்பட்டிருந்தன. அதே வருடம் ஆகஸ்டில் அது ஏறத்தாழ 1,500 ஆகியிருந்தது.

முப்பத்தைந்தாயிரம் அடியில் ஏன் மலை எச்சரிக்கை என்று கேட்பீர்கள். அந்த உயரத்துக்கு எட்டும் மலை உலகத்திலேயே கிடையாது. ஆனால் ஜி.பி.எஸ். இடத்தோடு உயரத்தையும் சொல்கிறது. தரை எச்சரிக்கைப் பெட்டி தன் உயரக் கணக்கில் அதையும் கலந்துகொள்ளும். போலி அலை "நீ தரை மட்டத்தில் இருக்கிறாய்" என்று சொன்னால், கணக்கு கெட்டுப் பெட்டி பதறிக் கத்தும். இன்னொரு கெடுதல், அந்த இடத்தைத் தாண்டிய பிறகும் சில விமானங்களில் விஷம் இறங்குவதில்லை. கடிகாரம் மாறி நிற்கும். ஜி.பி.எஸ்ஸோடு கலந்து ஓடும் மற்றக் கருவிகளின் கணக்கும் கெட்டிருக்கும். மணித்தியாலங்கள் கழித்து, வேறு நாட்டுக்கு மேலே, இறங்கும் நேரத்தில் திரும்பவும் கத்தும். தரைக்கு வந்த பிறகு மின்சாரத்தை முழுதாக நிறுத்தித் திரும்பக் கொடுத்தால்தான் சில பெட்டிகள் புத்திக்கு வரும். திகதி மாறிய கடிகாரத்தோடு வந்து நின்ற விமானத்தைப் பார்த்து, இரவுப் பணியில் நாங்கள் மூன்று பேர் முழித்துக்கொண்டு நின்றது இன்னும் மறக்கவில்லை.

இதில் எனக்கு உண்மையிலேயே தூக்கம் கெடுக்கிற விஷயங்கள் இரண்டு. ஒன்று, பொய் எச்சரிக்கைக்கு நேர் எதிரானது. நிஜமாகவே மலைக்கு நடுவில் இருக்கும்போது, "நீ கடலுக்கு மேலே இருக்கிறாய்" என்று ஜி.பி.எஸ். சொன்னால் பெட்டி பேசாமல் இருந்துவிடும். திரையில் மலையே காட்டாது. கத்துகிற பெட்டியை யாரும் கவனிப்பார்கள், பேசாமல் இருக்கிற பெட்டியை யார் சந்தேகப்படுவது? 1974இல் டொப்ளர் கணக்குத் தந்த அதே பொய் நிம்மதிதான் இது.

மற்றது மனிதப் பழக்கம். "புலி வருது, புலி வருது" என்று கத்திய பையனின் கதை எல்லோருக்கும் தெரியும். வாரத்துக்கு மூன்று தடவை பொய்யாகக் கத்தும் குரலை நான்காவது தடவை யார் நம்புவது? மலை எச்சரிக்கையை மட்டும் நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறது. குழப்பமான வான்பரப்பில் அதை அமுக்கி வைப்பதும் நடக்கிறது. திரும்பப் போட மறந்தால் என்ன ஆகும்?

இதற்கு ஜி.பி.எஸ். குழப்பமே இல்லாத ஓர் உதாரணம் இருக்கிறது. 2012 மே 9, இந்தோனேசியாவின் சலாக் மலை. புதிய சுகோய் சூப்பர்ஜெட் விமானத்தை வாங்க வருபவர்களுக்குக் காட்டும் பறப்பு. மலை எச்சரிக்கைக் கருவி சரியாகத்தான் கத்தியது, மோதுவதற்கு 38 நொடிக்கு முன்பே. தரவில் ஏதோ பிழை என்று நினைத்து விமானி அதை நிறுத்திவிட்டார். 45 பேரும் இறந்தார்கள். நல்ல கருவியை, சந்தேகத்தின் பேரில் வாயடைத்தது. ஸ்பூஃபிங் இந்தச் சந்தேகத்தை இன்றைக்குத் தினமும், ஆயிரக்கணக்கான விமானிகளின் மனதில் விதைத்துக்கொண்டிருக்கிறது. இந்தப் பிரச்சினையின் மையம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். பெட்டியின் கணக்கைத் திருத்திவிடலாம். விமானிக்கு அதன் மேலிருந்த நம்பிக்கை போனால், அதைத் திரும்பக் கொண்டுவர வருடங்கள் ஆகும்.

இனி ஆறுதலான பக்கம். முதலில் சொன்ன ரேடியோ ஆல்டிமீட்டர் ஜி.பி.எஸ்ஸை நம்பி இல்லை. முன்பக்கப் பார்வை கெட்டாலும், தரை வேகமாக நெருங்கினால் கத்தும் பழைய பகுதி அப்படியே வேலை செய்யும். காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் கருவியும் ஜி.பி.எஸ்ஸுக்குக் கட்டுப்பட்டதில்லை. அதற்கு மேலே, ஒவ்வொரு பகுதிக்கும் இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று ஓர் உயரம் குறித்து வைத்திருப்பார்கள். மலைப் பகுதியில் வழமை, மிக உயர்ந்த முகட்டுக்கு மேலே இன்னும் 2,000 அடி. இலங்கையின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலை 8,281 அடி, அதோடு 2,000 சேர்த்தால் பத்தாயிரத்துக்கு மேலே வருகிறது. தான் இருக்கும் இடம் உறுதியாகத் தெரியாதவரை விமானி அந்த உயரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், எந்தப் போலி அலையாலும் அவரை மலையில் மோதவைக்க முடியாது. 1974இல் கைவிட்டுப்போனது இதுதான்.

விமானிகளுக்கு இப்போது தருகிற அறிவுறுத்தலும் ஏறக்குறைய இப்படித்தான். குழப்பமான பகுதிக்குப் போகுமுன்பே தயாராக வேண்டும். ஜி.பி.எஸ்ஸைத் தரை ரேடியோ நிலையங்களோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தாழ்வான உயரத்தில், இருட்டில், முகிலுக்குள் "புல் அப்" கேட்டால் காரணம் தேடக்கூடாது, மேலே ஏற வேண்டும். உண்மையா பொய்யா என்பதை ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தரை ரேடியோ நிலையம் என்றேன் அல்லவா? கட்டுநாயக்கவில் வீ.ஓ.ஆர்., டீ.எம்.ஈ., இறங்குவதற்கு ஐ.எல்.எஸ். எல்லாம் இருக்கின்றன. திசை, தூரம், இறங்கும் சரிவு மூன்றையும் தரையிலிருந்தே பலமான அலையில் சொல்பவை. கட்டுப்பாட்டு அறையில் ரேடாரும் இருக்கிறது. எஸ்தோனியாவின் டார்ட்டு விமான நிலையத்துக்கு அந்த வசதி போதாமல், ஜி.பி.எஸ். குழப்பம் காரணமாக ஃபின்எயார் 2024 மே மாதம் முழுக்கத் தன் பறப்புகளை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. செலவைக் குறைக்கிறோம் என்று உலகத்தில் பல நாடுகள் பழைய வீ.ஓ.ஆர். நிலையங்களை மூடிக்கொண்டு வருகின்றன. என்னைக் கேட்டால், மலை உள்ள எந்த நாடும் அதைச் செய்யக்கூடாது. ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள்கள் தங்கள் தகவலோடு ஒரு மின்கையொப்பத்தையும் சேர்த்து அனுப்புகின்றன, போலியைக் கண்டுபிடிக்க அது உதவும். ஆனால் விமானங்களில் இருக்கும் பழைய பெட்டிகள் எல்லாம் மாறி அதைப் படிக்கத் தொடங்க நெடுங்காலம் பிடிக்கும். அதுவரை வீ.ஓ.ஆர். நிலையங்கள்தான் காவல்.

மலையகத்துக்கு மேலே வரும் சிறிய விமானங்களும் ஹெலிகொப்டர்களும் பெரும்பாலும் பகலில், கண்ணால் பார்த்துப் பறப்பவை. எங்கள் ஊர் முகில் எவ்வளவு வேகமாக இறங்கும் என்று உங்களுக்கே தெரியும். அவர்களுக்கு ஜி.பி.எஸ்ஸை விட அந்த முகில்தான் பெரிய ஆபத்து.

கடைசியாக, மச்சான் விஷயம். அவர் வரும் விமானம் தோஹாவில் கிளம்பும்போதே ஜி.பி.எஸ். தொல்லையைச் சந்திக்கலாம், நடுவழியில் விமானிகளின் அறையில் பொய்க் குரல்கூடக் கேட்கலாம். ஆனால் அது பாதையின் பெரும்பகுதியை அரபிக் கடலுக்கு மேலே கடந்து, மேற்கேயிருந்து கரையைத் தொடும். ஓடுபாதை நீர்கொழும்புக் களப்புக்குப் பக்கத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ முப்பது அடி உயரமே உள்ள இடத்தில் இருக்கிறது. எங்கள் மலைகள் அதற்குக் கிழக்கே, இன்னும் வெகுதூரம் தள்ளி. சிங்கப்பூர், மலேசியா பக்கமிருந்து வருபவைதான் மலைநாட்டின் பக்கமாக வரக்கூடியவை, அவையும் இன்று ரேடாரின் கண்ணுக்குள்தான் இறங்குகின்றன. வீட்டில் இருப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். மச்சான் வந்ததும் ஒரு நாள் அவரையும் கூட்டிக்கொண்டு நோர்ட்டன்பிரிட்ஜ் பக்கம் போய்வாருங்கள். அந்த 191 பேரின் நினைவிடம் அங்கேதான் இருக்கிறது.